ஒத்திக்காரர் இருக்கும் வீட்டை வாங்கிவிட்டேன், காலி செய்ய வைப்பது எப்படி?

கேள்வி: வாடகை வருமானத்துக்காக மதுரையில் ஒரு மாடி வீடு வாங்கி 8 மாதம் ஆகிறது. கீழ்ப் போர்ஷன் வாடகை ஒழுங்காக வருகிறது. மாடியில் இருப்பவர், பழைய உரிமையாளரிடம் 8 லட்சம் ஒத்திக்குக் (மொத்தமாகப் பணம் கொடுத்து, அது திரும்ப வரும்வரை வாடகையில்லாமல் குடியிருப்பது) கொடுத்ததாக 20 ரூபாய் பத்திரத்தைக் காட்டி, பணம் வராமல் நகர மாட்டேன் என்கிறார். வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை. விற்றவர் போனை எடுப்பதில்லை. மாடிக்கு 9,000 ரூபாய் வாடகை வரும் என்ற கணக்கில்தான் வங்கிக் கடன் வாங்கினேன். வாடகை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வெளியேற்றலாமா? இதேபோல விலை குறைவாக வரும் இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: புரோக்கர் கைவிரித்தது, தண்ணீர் மோட்டார் தகராறு, மாடி வீட்டார் பேசிய பேச்சு என்று கடிதத்தில் நிறைய எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கெல்லாம் வழக்கில் இடமில்லை. கிரயம் பதிந்த அன்று அவர் மாடியில் குடியிருந்தாரா என்பதுதான் கேள்வி. இருந்தார். வீடு பார்க்கப் போனபோது மாடிக் கதவைத் திறந்ததே அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றே அவரிடம் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் குடியிருக்கும் சொத்தை வாங்கினால், அவருக்கு அதில் உள்ள உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3-வது பிரிவு கொள்கிறது. வில்லங்கச் சான்றைக் காட்டித் தப்ப முடியாது. அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும்.

அவருடைய பத்திரமும் பலமானதல்ல. கடன் தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒத்தி பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 59-வது பிரிவு. அவருடையது பதிவாகவில்லை. அதனால் அந்த 8 லட்சம் அடிப்படையில் விற்றவர் பட்ட கடன். ஆனால் பத்திரம் செல்லாது என்பதால் ஆள் வெளியேறிவிட மாட்டார். இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலாவது, நீங்கள் கேட்கும் வாடகை நீதிமன்றம். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்துபூர்வமான வாடகை ஒப்பந்தத்தைச் சுற்றியே நிற்கிறது. உங்களிடம் ஒப்பந்தமும் இல்லை, வாடகை ரசீதும் இல்லை. 'நான் வாடகைதாரரே இல்லை, ஒத்திக்காரர்' என்று அவர் ஒரு பதிலுரை போட்டால் வழக்கு அங்கேயே சிக்கும். சிவில் கோர்ட்டில் முதலிலிருந்து தொடங்கும்போது இரண்டு வருடம் போயிருக்கும்.

அதைவிட மோசம் கரண்ட்டைப் பிடுங்குவதும் பூட்டுப் போடுவதும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் 6-வது பிரிவில் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்று பார்க்காமலே சுவாதீனத்தை, அதாவது குடியிருப்பை, அவரிடம் திருப்பித் தர கோர்ட் உத்தரவிடலாம்.

இன்னொன்று, பார்த்தால் சமாதானம் போலத் தெரியும்: 'பழைய ஒத்திப் பணத்துக்கு நான் பொறுப்பு, ஒரு வருடம் இருந்துவிட்டுப் போங்கள்' என்று புதுப் பத்திரம் எழுதித் தருவது. கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் விற்றவரின் கடன் உங்கள் கடனாகிவிடும். பிறகு அவரிடம் போய்க் கேட்டால், 'நீயாக ஏற்றுக்கொண்டது' என்பார்.

இப்போது கணக்குக்கு வருவோம். வழக்கும் மேல்முறையீடும் 5 வருடத்தில் முடிந்தால் அதிர்ஷ்டம். அதற்குள் மாடி வாடகை மட்டும் 5,40,000 ரூபாய் போயிருக்கும், வக்கீல் செலவு தனி. 8 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு வாங்கிக் கொடுத்தாலும் வருட வட்டி 72,000தான், மாடி வாடகையோ வருடத்துக்கு 1,08,000. ஆகவே பணத்தைக் கொடுத்து முடியுங்கள். இது அநியாயமாகப் படும், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் முடியுங்கள்.

கொடுப்பதற்கு முன் கிரயப் பத்திரத்தை எடுத்து, 'வில்லங்கம் ஏதும் பின்னால் தெரியவந்தால் விற்பவர் தம் சொந்தச் செலவில் தீர்த்துத் தர வேண்டும்' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அதைக் குறிப்பிட்டு, 15 நாளில் ஒத்திப் பணத்தைத் தீர்க்காவிட்டால் நான் தீர்த்துவிட்டு உங்களிடம் வசூலிப்பேன் என்று விற்றவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மாடியில் இருப்பவரிடம் பாஸ்புக்கைக் கேளுங்கள். வங்கி வழியாகப் போன தொகை எவ்வளவோ அதிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். பாஸ்புக்கில் அந்தத் தொகை உள்ள பக்கத்தின் நகலும் ஒத்திப் பத்திரத்தின் அசலும் உங்கள் கைக்கு வர வேண்டும். நாளை விற்றவர் மீது போடும் வழக்கில் மாடியில் இருப்பவர்தான் உங்கள் முதல் சாட்சி, ஆகவே பகைத்துக்கொள்ளாதீர்கள்.

ரொக்கம் வேண்டாம். டிமாண்ட் டிராஃப்ட் எடுத்துப் போய், மாடி காலியாகி சாவி கைக்கு வந்த பிறகு கொடுங்கள். ரசீதில் 'விற்றவருக்கு நான் கொடுத்த ஒத்தித் தொகையை, அவர் சார்பில் வீட்டை வாங்கியவர் தரப் பெற்றுக்கொண்டு, சுவாதீனத்தை ஒப்படைத்தேன்' என்று இருக்கட்டும். விற்றவர் மீதான வழக்குக்கு 3 வருடக் கெடுவைக் கிரயத் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு 8 மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

இரண்டாவது வீட்டுக்கு இப்போது அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விலை ஏன் குறைவு என்பதை அங்கே குடியிருப்பவரிடம் போய்க் கேளுங்கள். ஒத்தி இருந்தால் அந்தத் தொகையைக் கிரயத்தில் கழித்து, பதிவன்றே சார்பதிவாளர் அலுவலகத்தில் வைத்து அவரிடம் நேரடியாகக் கொடுத்து, காலி செய்த ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவர் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம்.