முறைப்படி வளர்க்க என்ன வழி?

கேள்வி: அக்கா, பக்கத்து வீட்டுப் பெண் இறந்துபோனார். தகப்பன் எங்கே என்று தெரியாது. ஏழு வயது மகள் எங்களோடுதான் இருக்கிறாள். நாங்களே வளர்க்கலாமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: வளர்க்கலாம் தங்கச்சி, ஆனால் வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஒரு உறவுக்காரர் வந்து கூட்டிப்போனால் கையில் ஒன்றும் இருக்காது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். சிறுவர் பராமரிப்பைக் கவனிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அதற்குப் பயப்பட வேண்டாம். இலங்கையின் 1939ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி, உறவில்லாதவரிடமும் பிள்ளையை ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தத்தெடுப்பது வேறு, அதற்கு 1941ஆம் ஆண்டுச் சட்டம்.

அப்புறம், அவள் தாயின் சாரியைப் போர்த்திக்கொண்டு படுத்தால் படுக்கட்டும். அவசரப்பட்டுத் துவைத்துவிடாதீர்கள், தாயின் மணம் போய்விடும். உங்களை ‘அம்மா’ என்று கூப்பிடச் சொல்லவும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழையும் தாயின் மரணச் சான்றிதழையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.