கேள்வி நேரம்: அமெரிக்கப் பள்ளிகளும் தேர்வுக் கணக்கும்

கேள்வி: அமெரிக்காவில் மாணவர்கள் தேறாவிட்டால், பள்ளிக்கு வரும் மத்திய அரசு நிதி நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. 2002-இல் கையெழுத்தான சட்டம், 2014-க்குள் எல்லா மாணவர்களும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேற வேண்டும் என்றது. நடக்கிற காரியமா? சில மாநிலங்கள் தேர்ச்சி வரம்பையே தாழ்த்திக்கொண்டன. 2015 டிசம்பரில் வந்த மாற்றுச் சட்டம், இலக்கு வைக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது.

தேர்வு மட்டும் போகவில்லை. 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலையில் ஒருமுறை. 95 சதவீதத்தினர் எழுதியாக வேண்டும். ஏழை மாணவர்களுக்கான ‘டைட்டில் 1’ நிதி பெறும் பள்ளிகளில் தேர்ச்சியில் கடைசியாக நிற்கும் 5 சதவீதப் பள்ளிகளைக் கண்டறிந்து மேம்படுத்த வேண்டும். அதற்கென அந்த நிதியில் குறைந்தது 7 சதவீதத்தை மாநிலம் ஒதுக்கும்.

ஒரு கறார் நிபந்தனையும் உண்டு: மத்தியப் பணம் வருகிறதே என்று உள்ளூர் நிர்வாகம் அந்தப் பள்ளிக்கான தன் பங்கைக் குறைக்கக் கூடாது.