தளத்துக்கு மருந்து வேண்டாம், வாளியை எண்ணுங்கள்

கேள்வி: செங்கோட்டை அருகே 1000 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். ஆனி முடிவதற்குள் மேல்தளம் போட வேண்டும். பக்கத்து வீட்டுத் தளம் இரண்டே வருடத்தில் ஒழுகுகிறது. பத்து மூட்டை சிமெண்ட் கூடுதலாகப் போட்டால் ஒழுகாது என்கிறார் கொத்தனார். ஹார்டுவேர் கடையில் வாட்டர்புரூஃப் மருந்து சேர்க்கச் சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். தளம் ஒழுகுவதற்கு முதல் காரணம், கலவையில் தேவைக்கு மேல் ஊற்றும் தண்ணீர். சிமெண்ட் எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். அது போன வழியெல்லாம் மயிரிழைத் துளைகளாக நிற்கும். மழைத்தண்ணீர் இறங்குவது அந்தத் துளைகள் வழியாகத்தான். மூட்டையைக் கூட்டி, அதற்கேற்பத் தண்ணீரையும் கூட்டினால் தளம் இன்னும் அதிகமாகச் சுருங்கி வெடிக்கும்.

வீட்டுத் தளத்துக்கு எம்20 என்ற வலிமைத் தரக் கலவை போதும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு எம்சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) ஒன்றரைப் பெட்டி, முக்கால் அங்குல ஜல்லி மூன்று பெட்டி. பெட்டி என்பது உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 அகலம், 25 உயரம், அதாவது 35 லிட்டர். சட்டிக் கணக்கை ஏற்காதீர்கள். காலையில் கோபுரமாக அள்ளும் சட்டி மதியத்துக்கு மேல் பாதியாகிவிடும். தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. பத்து லிட்டர் வாளியில் மூன்று வாளி. எம்சாண்ட் ஈரமாக இருந்தால் அதிலும் மூன்று, நான்கு லிட்டரைக் குறையுங்கள். மிக்சர் பக்கம் ஹோஸே வரக்கூடாது.

வேலையாட்கள் முணுமுணுப்பார்கள். கஞ்சி மாதிரி இருந்தால் தூக்கவும் பரப்பவும் சுலபம். சரியான கலவையைக் கொட்டினால் குவியலாக நிற்கும், கரண்டியால் தட்டினால் மேலே சிமெண்ட் பால் கசியும். அதை இறக்க ஊசி வைப்ரேட்டர் கட்டாயம். ஒன்றரை அடிக்கு ஓர் இடத்தில் நேராக இறக்கி, குமிழி நின்றதும் மெதுவாக எடுக்க வேண்டும். கலவையை இழுத்துத் தள்ளுவதற்கு அதைப் பயன்படுத்தினால் ஜல்லி ஒரு பக்கம், பால் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும்.

கடைக்காரர் சொல்லும் மருந்து மூட்டைக்கு 200 மி.லி. அளவில் சேர்ப்பது. தண்ணீரைக் கட்டுப்படுத்தாமல் அதைச் சேர்ப்பது வீண் செலவு. சில கடைகளில் அந்த டப்பாவுக்குக் கொத்தனாருக்குக் கமிஷன் உண்டு என்பதை மனதில் வையுங்கள்.

அதைவிடப் பெரிய பொறி மணல் தரகர். ‘புளியரை தாண்டிக் கேரளா போகிற லோடு, உங்களுக்காக இறக்கித் தருகிறேன்’ என்பார். கிரஷர் தூசியை எம்சாண்ட் என்று கொட்டிவிட்டுப் போவதும் உண்டு. தூசி தண்ணீரைக் குடிக்கும், கலவை இறுகும், ஆள் இன்னொரு வாளி ஊற்றுவான். லாரி நிற்கும்போதே ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணலுக்கு மேல் மாவு போலப் படியும் அடுக்கு பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். லாரிப் பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரத்தை அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்தால் யூனிட் வரும். 14 அடி நீளம், 7 அடி அகலம், இரண்டரை அடி உயரத்துக்கு மணல் இருந்தால் 2.45 யூனிட்தான். பில்லில் மூன்று என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

கம்பிக்கு அடியில், பலகையிலிருந்து அதைத் தூக்கி நிறுத்தும் 20 மி.மீ. கவர் பிளாக் வையுங்கள். ஜல்லித் துண்டைச் சொருக விடாதீர்கள். மிதிபட்டு நழுவினால் கம்பி பலகையில் உட்கார்ந்து பின்னால் துருப்பிடிக்கும்.

இதையெல்லாம் வந்து பார்க்க அரசாங்கத்தில் யார் இருக்கிறார்கள்? 2024 முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனில் அனுமதி கிடைக்கிறது. கட்டணம் கட்டினால் காகிதம் வருகிறது. கம்பி கட்டிய அன்றைக்கு ஏறிப் பார்க்க ஓர் ஆள் வருவதில்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவரும் பல இடங்களில் மனையை மிதிப்பதே இல்லை. கான்கிரீட் நாளுக்கு மட்டுமாவது ஒரு பொறியாளருக்குச் சம்பளம் கொடுத்து நிறுத்துங்கள்.

இனி உங்கள் ஊருக்கே உரிய விஷயம். சாரல் காலத்தில் தளத்துக்குத் தனியாகத் தண்ணீர் கட்ட வேண்டாம் என்று அங்கே பலரும் சொல்வார்கள். தவறு. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று சாரலைவிட வேகமாகத் தளத்தை உலர்த்தும். பத்து நிமிடம் தூறும், அடுத்த அரைமணி காற்று அடிக்கும். ஈரமாகத் தெரியும் தளம் உள்ளுக்குள் காய்ந்துகொண்டிருக்கும். கான்கிரீட் போட்ட முதல் சில மணி நேரத்திலேயே, இறுகுவதற்கு முன்பே, மேலே கோடு கோடாக வெடிப்பு விழும். அதனால் மட்டம் தட்டிய பகுதியை உடனுக்குடன் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் பலகை வையுங்கள். அதற்குள் வெடிப்பு தெரிந்தால் இறுகும் முன்பே மரக்கட்டையால் மீண்டும் அழுத்தித் தேய்க்கலாம். இறுகிய பிறகு சிமெண்ட் பால் பூசுவது வெறும் ஒப்பனை. கனமழை கொட்டினால் மட்டும் வேலையை நிறுத்தி மூடுங்கள். தேங்கிய தண்ணீரை வடிக்காமல் அதன்மேல் சிமெண்டைத் தூவித் தேய்க்க விடவே கூடாது.

மறுநாள் பாத்தி கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். பிபிசி (பொசலானா கலந்த) சிமெண்டுக்கு பத்து நாள் குறைந்தபட்சம். நீங்கள் பதினான்கு நாள் வையுங்கள். சென்ட்ரிங்கையும் (தளத்தைத் தாங்கும் பலகை, முட்டுகள்) அதுவரை பிரிக்க வேண்டாம். வாடகை ஏறுகிறது என்று ஏழாம் நாளே கேட்டு வருவார்கள், கொடுக்காதீர்கள். பலகை பிரித்த பிறகும் இரண்டு நாள் தண்ணீரை மேலேயே விட்டு, கீழே நின்று அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, சீலிங் பூச்சுக்கு முன்பே அடைக்கச் சொல்லுங்கள். அதுவரை கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள்.