லீஸைப் புதுப்பிக்கலாமா, கடையை விட்டுவிடலாமா?

கேள்வி: லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரின் ஹை ஸ்ட்ரீட்டில் நானும் மனைவியும் 22 வருடமாக விளையாட்டுச் சாமான், வாழ்த்து அட்டை, எழுதுபொருள் விற்கும் கடை நடத்துகிறோம், லிமிடெட் கம்பெனியாக. ஆறு வருடத்துக்கு முன் வாட் (விற்பனை வரி) போக 3.1 லட்சம் பவுண்ட் விற்ற கடை, போன வருடம் 2.05 லட்சம்தான் விற்றது. அடுத்த வருடம் லீஸ் முடிகிறது. கட்டட உரிமையாளர் அதே 24,000 பவுண்ட் வாடகைக்கு 10 வருட லீஸ் தருகிறேன் என்கிறார், ஆனால் எங்கள் இருவரின் பர்சனல் கேரண்டி (கம்பெனி கட்டாவிட்டால் நாங்களே கட்டுவோம் என்ற உறுதி) வேண்டுமாம். எனக்கு 57 வயது. பென்ஷனில் 1.4 லட்சம் இருக்கிறது. அதில் 60,000 எடுத்துக் கடையைப் புதுப்பித்து, ஆன்லைனிலும் விற்க நினைக்கிறேன். செய்யலாமா?

பதில்: அண்ணா, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பென்ஷனைத் தொடாதீர்கள், பர்சனல் கேரண்டியில் கையெழுத்துப் போடாதீர்கள். கடையை நாளைக்கே மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை முடிவு செய்ய உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, சட்டமும் ஓரளவு உங்கள் பக்கம் இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்ப்போம். 2.05 லட்சம் விற்பனையில் சரக்கின் கொள்முதல் விலை போக உங்களுக்கு நிற்பது 38 சதவீதம், அதாவது 77,900. அதில் வாடகை 24,000, பிசினஸ் ரேட்ஸ் (கடைக் கட்டடத்துக்கான வரி) 6,000, பகுதி நேர வேலையாட்கள் 18,000, கரண்ட், இன்ஷூரன்ஸ், கார்டு மெஷின் கட்டணம், அக்கவுண்டன்ட் எல்லாம் சேர்த்து 14,000. மிஞ்சுவது 15,900. இதை நீங்கள் "லாபம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்களும் அண்ணியும் சேர்ந்து வாரத்துக்கு 100 மணி நேரம் அந்தக் கடையில் நிற்கிறீர்கள், வருடத்துக்கு 5,200 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 3 பவுண்டும் சில பென்ஸும்தான் வருகிறது. உங்கள் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு 2026 ஏப்ரல் முதல் சட்டப்படி மணிக்கு 12.71 கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் கூலியை உங்கள் இருவருக்கும் போட்டால் 66,000 பவுண்டுக்கு மேல் வருகிறது, அப்போது கடை வருடத்துக்கு 50,000 பவுண்ட் நஷ்டத்தில் ஓடுகிறது என்றுதான் அர்த்தம். அந்த நஷ்டத்தை இத்தனை நாளாக உங்கள் உடம்பும் அண்ணியின் உடம்பும் கட்டிவந்திருக்கின்றன. இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இந்தக் கணக்கைப் பார்க்காமல் பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

விற்பனை திரும்பி வரும் என்று நம்பலாமா? பிரிட்டனில் 2006-ல் சில்லறை விற்பனையில் 100 பவுண்டுக்கு ஏறத்தாழ 3 பவுண்ட்தான் இணையத்தில் நடந்தது. கொரோனா முடக்கத்தில், 2021 தொடக்கத்தில், அது 37 வரை போனது. கடைகள் திறந்த பிறகு இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு இறங்கவில்லை, நூற்றில் கால்பங்குக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. இது ஒரு மோசமான வருடத்தின் கதை இல்லை அண்ணா, மக்கள் வாங்கும் பழக்கமே மாறிவிட்டது. விளையாட்டுச் சாமான் அதில் முன்வரிசையில் இருக்கும் சரக்கு, ஏனென்றால் பெட்டி மேல் இருக்கும் பார்கோடை போனில் தட்டினால் அதே பொருளின் விலை பத்து இடத்தில் தெரிந்துவிடும். டாய்ஸ் ஆர் அஸ் என்ற பெரிய பொம்மைக் கடை நிறுவனம் இங்கே 2018-ல் கடைகளை மூடியது இந்த வியாபாரத்தில்தான்.

ஆனால் எல்லாப் பழியையும் இணையத்தின் மேல் போடுவதும் சரியில்லை. வூல்வொர்த்ஸ் என்ற பழைய கடைத்தொடர் 800-க்கும் மேற்பட்ட கடைகளோடு 2009 ஜனவரியில் மறைந்தபோது இணைய விற்பனை இன்றைக்கு இருப்பதில் ஒரு சிறு பங்குதான். டெபன்ஹாம்ஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருந்த காலத்தில் தன் சொந்தக் கட்டடங்கள் பலவற்றை விற்று, அதே கட்டடங்களுக்குப் பல பத்தாண்டு லீஸ் எழுதிக் கொடுத்தது. வியாபாரம் குறைந்தபோது வாடகை குறையவில்லை. 2021 மே மாதம் கடைசிக் கடையும் மூடியது. விற்பனை இறங்கும் காலத்தில் வாடகையை நீண்ட நாளுக்குக் கட்டிப்போட்டுக்கொள்வதுதான் கழுத்தை இறுக்குகிறது, உங்களிடம் இப்போது கேட்கப்படுவதும் அதுதான்.

பத்து வருடம், வருடத்துக்கு 24,000 என்றால் 2.4 லட்சம் பவுண்ட். லிமிடெட் கம்பெனி வைத்திருப்பதன் பெரிய நன்மையே, கம்பெனி விழுந்தால் பொதுவாக அதன் கடன் உங்கள் வீட்டு வாசலுக்கு வராது என்பது. பர்சனல் கேரண்டி அந்த ஒரே பாதுகாப்பையும் எடுத்துவிடுகிறது. நான்காவது வருடம் கடையை மூடினாலும் மீதி வாடகைக்கும், லீஸ் முடிவில் கட்டடத்தைச் சரிசெய்து கொடுக்கும் செலவுக்கும் நீங்கள் இருவரும்தான் பொறுப்பு. குடியிருக்கும் வீட்டை வைத்து இந்தக் கடைக்கு ஜாமீன் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

இனி உங்கள் பக்கம் இருக்கும் பலம். உங்கள் லீஸ் 1954-ஆம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறதா, அல்லது ஆரம்பத்திலேயே அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டீர்களா என்று சொலிசிட்டரிடம் கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள். பாதுகாப்பு இருந்தால், லீஸ் தேதி முடிந்த அன்றே நீங்கள் வெளியே போக வேண்டியதில்லை, முறையான நோட்டீஸ் வரும்வரை பழைய நிபந்தனைகளிலேயே தொடரலாம், புதிய லீஸின் வாடகையும் இன்றைய சந்தை நிலவரப்படிதான் இருக்க வேண்டும். உங்கள் தெருவில் நாலு கடை காலியாகக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நாலு கடைக்கும் என்ன வாடகை கேட்கிறார்கள் என்று ஏஜென்டிடம் விசாரித்து எழுதி வையுங்கள். அதே வாடகைக்குத் தருகிறேன் என்பது சலுகை மாதிரிக் கேட்கிறது, பக்கத்துக் கடை 16,000-க்குக் கிடைக்குமென்றால் அது சலுகையே இல்லை. ஒரு எச்சரிக்கை: செக்‌ஷன் 25 என்று, இந்தச் சட்டப்படி லீஸை முடிக்க உரிமையாளர் அனுப்பும் ஒரு நோட்டீஸ் தபாலில் வந்தால் மேசை மேல் போட்டு வைக்காதீர்கள். அதில் இருக்கும் தேதிக்குள், நீட்டிப்பை எழுத்தில் வாங்காமலும் கோர்ட்டில் மனுப் போடாமலும் இருந்தால், புதிய லீஸ் கேட்கும் உரிமையே போய்விடும்.

கேட்க வேண்டியது இது: மூன்று வருட லீஸ், ஒவ்வொரு வருட முடிவிலும் ஆறு மாத நோட்டீஸில் விலகும் உரிமை, வாடகை மாதாமாதம், கேரண்டி கிடையாது. கட்டட உரிமையாளருக்குப் பயம் இருந்தால் மூன்று மாத வாடகையை டெபாசிட்டாகக் கொடுங்கள், அது போனாலும் தெரிந்த தொகை. காலிக் கட்டடத்துக்கு மூன்று மாதம் தாண்டினால் பொதுவாக அவரே ரேட்ஸ் கட்ட வேண்டியிருக்கும், வருடம் முழுக்கக் காலியாகக் கிடந்தால் கவுன்சில் அதை ஏலத்தில் வாடகைக்கு விடவும் 2024 டிசம்பரில் இருந்து இங்கிலாந்தில் வழி இருக்கிறது. அவருக்கும் உங்களைப் போல ஒழுங்காக வாடகை கட்டுகிறவர் வேண்டும். பேசுங்கள்.

ஆன்லைன் யோசனைக்கு வருகிறேன். 20 பவுண்ட் பொம்மை ஒன்றை அமேசானில் போட்டால் என்ன மிஞ்சும்? வாட் போக 16.67. உங்கள் லாப விகிதப்படி கொள்முதல் விலை 10.33. அவர்களுடைய கமிஷன் சுமார் 15 சதவீதம், 3 பவுண்ட். தபாலும் பெட்டியும் 3.50 என்று வைத்தால் 16 பென்ஸ் கையை விட்டுப் போகிறது. இதற்கு மேல், இணையத்தில் வாங்கியவருக்கு 14 நாளுக்குள் மனம் மாறி ரத்து செய்யும் உரிமை உண்டு. சொந்த வெப்சைட் என்றால் கமிஷன் இல்லை, ஆனால் ஆட்களை அங்கே வரவைக்க விளம்பரத்துக்குக் கொடுக்க வேண்டும். பார்கோடு தட்டி விலை ஒப்பிட முடியாத சரக்கு உங்களிடம் இருந்தால் இது வேறு கதை. பெயர் பொறித்த பரிசுகள், அண்ணி கட்டித் தருகிற பிறந்தநாள் பெட்டிகள், பள்ளிகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் எழுதுபொருள், இந்த மூன்றும் லாபம் தருகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அதை முதலில் வளர்த்துப் பாருங்கள், அதற்கு 60,000 வேண்டாம், சில நூறு பவுண்டும் ஒரு கிறிஸ்துமஸ் சீசனும் போதும். அது நன்றாக ஓடினால் அதற்கு ஹை ஸ்ட்ரீட் கடையே தேவையா என்ற கேள்வியும் வரும். வரட்டும்.

பென்ஷனைப் பற்றி. எடுக்கும் பணத்தில் பொதுவாக 25 சதவீதத்துக்குத்தான் வரி இல்லை, மீதி அந்த வருட வருமானத்தோடு சேர்ந்துவிடும். வரி விழும் பகுதியைத் தொட்டுவிட்டால் அதன் பிறகு வருடத்துக்கு 10,000 பவுண்டுக்கு மேல் வரிச் சலுகையோடு திரும்பப் போடவும் முடியாது. அந்த 60,000, பணவீக்கம் போக வருடம் 4 சதவீதம் வளர்ந்தால் உங்கள் 67-வது வயதில் இன்றைய மதிப்பில் 88,000-க்கு மேல் இருக்கும். கடைச் சுவருக்குப் பெயின்ட் அடித்தால் அது திரும்பாது. கம்பெனியே கடனில் விழுந்தாலும் கடன்காரர்கள் பொதுவாகத் தொட முடியாத பணம் அது, அதை நீங்களே எடுத்து அவர்கள் முன் வைக்க வேண்டாம். அப்புறம், இருவருடைய நேஷனல் இன்ஷூரன்ஸ் கணக்கையும் (அரச பென்ஷனுக்கான பங்களிப்புப் பதிவு) அரசு இணையதளத்தில் பாருங்கள். முழு அரச பென்ஷனுக்குப் பெரும்பாலும் 35 வருடம் வேண்டும். அண்ணி சம்பளம் எடுக்காமலே வேலை செய்த வருடங்கள் விடுபட்டிருக்கலாம், விடுபட்ட வருடத்தை வாங்குவது பல நேரம் கடையில் போடும் எந்தப் பணத்தையும் விட நல்ல முதலீடு.

கடைசியாக, உங்கள் கடையில் 11 வருடமாக வேலை செய்யும் அந்தப் பெண். கடையை மூடுவது என்று முடிவானால் அவருக்குச் சட்டப்படி 11 வார நோட்டீஸும், வயதையும் வருடத்தையும் வைத்துக் கணக்கிடும் ரிடண்டன்சி பணமும் (வேலை போவதற்கான இழப்பீடு) கொடுக்க வேண்டும். கம்பெனிக் கணக்கில் பணம் இருக்கும்போதே அந்தத் தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், ஜனவரி சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன்.