டிக்கெட்டின் பின்பக்கம் எழுதியது எதற்கு?

வேகமாக ஓட்டியதாக டிக்கெட் கொடுத்தபோது அதிகாரியிடம் குரலை உயர்த்திவிட்டீர்கள், அவர் தன் பிரதியின் பின்பக்கம் ஏதோ எழுதினார், அது வழக்கைப் பாதிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பயத்தை விடுங்கள். கோபமாகப் பேசியதால் மட்டும் வேகமாக ஓட்டியதாக ஆகிவிடாது.

அந்தக் குறிப்பு பெரும்பாலும் அவருடைய ஞாபகத்துக்காகத்தான். விசாரணை வருவதற்குள் அவர் எத்தனையோ வண்டிகளை நிறுத்தியிருப்பார். அதனால் வானிலை, சாலை நெரிசல், தான் நின்ற இடம் எல்லாம் எழுதிவைப்பார். கடைசியில் ‘ஓட்டுநர் வாக்குவாதம் செய்தார்’ என்று ஒரு வரி. அமைதியாகப் போனவரை மறந்துவிடலாம், சண்டை போட்டவரை மறப்பது கஷ்டம். இந்தச் சங்கடம் உண்மைதான்.

எனக்குக் கவலை வேறு. அந்தக் கோபத்தில் என்ன சொன்னீர்கள்? ‘நேரமாயிடுச்சு, அதான் கொஞ்சம் வேகமா வந்தேன்’ என்று வாய் தவறியிருந்தால் அதையும் எழுதியிருப்பார். திட்டியதைவிட அந்த ஒரு வரிதான் ஆபத்து, ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சரி, இன்றைக்கே உட்கார்ந்து இருவரும் பேசியதை நினைவிருக்கும்வரை எழுதிவையுங்கள். அப்புறம், அதிகாரியின் குறிப்பை விசாரணைக்கு முன்பே கேட்டு வாங்கப் பல இடங்களில் வழி உண்டு. நீதிமன்ற அலுவலகத்தில் விசாரியுங்கள்.