கெண்டைக்காலில் கிழிசல், நாலு நாளில் விமானம்: ஓடலாமா?

கேள்வி: வயது 48, ஊர் செங்கோட்டை. மெல்பர்னில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஆறு நாள் முன்பு காலைக் குளிரில், தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் போகும் ‘டான்’ பாதையில் மகளோடு ஓடினேன். ஆண்டர்சன் தெரு ஏற்றத்தில் இடது கெண்டைக்காலில் யாரோ கல்லால் எறிந்தது போல் சுரீரென்றது. இப்போது நொண்டாமல் நடக்கிறேன். கணுக்கால் பக்கம் நீலம் பாரித்திருக்கிறது. சனிக்கிழமை சிங்கப்பூர் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு விமானம். கிளம்புவதற்குள் மகளோடு ஒரு சுற்று மெதுவாக ஓடலாமா? விமானத்தில் என்ன கவனிக்க வேண்டும்? ஊரில் எப்போது ஓடத் தொடங்கலாம்?

பதில்: ஓட வேண்டாம். அந்தச் சுற்று 3.8 கிலோமீட்டர்தான், ஏற்றத்தை விட்டுவிட்டு, சமதளமான பகுதியில் மகளோடு அரை மணி நேரம் நடந்து வாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கேஸ்ட்ராக்னீமியஸ் என்னும் கெண்டைச்சதையின் உள்பக்கத் தலை கிழிந்ததைக் காட்டுகின்றன. நாற்பதைத் தாண்டியவர்கள் குளிரில் உடம்பு சூடாவதற்கு முன்பே ஏற்றத்தில் அழுத்தி ஓடினால் வழக்கமாகப் பிய்வது இந்த இடம்தான். ஒரு வாரத்தில் வலி குறைந்துவிடும். ஆனால் கிழிந்த இடத்தில் உருவாகும் வடுத்திசு அப்போது இளசாகவே இருக்கும். வலி போனதை ஆறியதாக நினைத்து ஓடி, அதே இடத்தை மறுபடி கிழித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். இரண்டாவது கிழிசல் முதலாவதைவிட அதிக நாள் எடுக்கும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு விஷயம்தான் எங்களுக்குக் கவலை. காயம்பட்ட கெண்டைக்காலோடு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்காரப் போகிறீர்கள். காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்தாலும் கெண்டைக்கால்தான் வலிக்கும், வீங்கும். ‘ஓடும்போது பிடித்ததுதானே’ என்று அதை விட்டுவிடுவதுதான் ஆபத்து. நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த உறைவு அபாயத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. அப்படியும் அது சுமார் 6000 பேரில் ஒருவருக்கு வருவதுதான். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சதைக் காயமும் கூடச் சேர்ந்திருப்பதால் ஒரு முறை சோதித்துவிட்டு ஏறுங்கள்.

தையல் டேப் ஒன்று போதும். முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கால்களிலும் பேனாவால் குறித்துச் சுற்றளவு எடுங்கள். இடது கால் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தாலோ, கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுத்த இடத்தில் குழி நின்றாலோ, அசைக்காமல் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, முழுக்காலும் கனத்துச் சூடாக இருந்தாலோ அங்கேயே டாக்டரைப் பார்த்து, சிரையில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். உறைவு இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது, சதைக்குள் இரத்தம் கட்டியிருந்தாலே அது கூடுதலாகக் காட்டலாம். முன்பு உறைவு வந்தவர்கள், ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் வீக்கம் இல்லாவிட்டாலும் கேட்டுக்கொள்வது நல்லது. நம் ஊரிலிருந்து போனவர்களுக்கு அங்கே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. எனவே முதலில் பயணக் காப்பீட்டு உதவி எண்ணுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கணுக்கால் நீலத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். கிழிந்த இடத்து இரத்தம் புவியீர்ப்பில் கீழே இறங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: உழிச்சல், தடவல், சூடான தைலம் எதுவும் இப்போது வேண்டாம். எல்லைப் பக்கத்து வைத்தியசாலைகள்மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை நியாயமானதே. ஆனால் புதுக் கிழிசலை அழுத்தித் தேய்த்தால் உள்ளே மறுபடி இரத்தம் கசியும், உறைவு இருந்தால் அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகவும் கூடும். முதல் மூன்று வாரம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி விமானம். இருக்கையில் அமர்ந்தால் இடது கைப்பக்கம் நடைபாதை இருக்க வேண்டும், அப்போதுதான் இடது காலை அவ்வப்போது வெளியே நீட்டலாம். மூன்று-மூன்று அமைப்பில் அது ‘டி’ இருக்கை. உணவு வண்டி வரும்போது மட்டும் காலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். அவசர வழி வரிசையைக் கேட்காதீர்கள், காலில் காயம் உள்ளவருக்கு அது தரப்படாது. சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே கேளுங்கள். படி ஏற முடியும், நெடுந்தூரம் நடக்கத்தான் முடியாது என்று சொன்னால் ‘டபிள்யூ.சி.எச்.ஆர்’ என்று குறித்துக்கொள்வார்கள். இதற்குக் கூச்சப்படுவோர் அதிகம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பையோடு ஓடிய பிறகு கூச்சம் போய்விடும், கூடவே காலும் போய்விடும்.

முட்டிக்குக் கீழ் வரும் 15–20 எம்.எம்.எச்.ஜி. அழுத்தக் காலுறையை வீட்டிலேயே, காலையில் எழுந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். கணுக்கால், கெண்டைக்கால் இரண்டையும் அளந்து வாங்க வேண்டும். மேல் விளிம்பு சுருண்டு இறுக்கினால் அது நன்மையைவிடத் தீமையே செய்யும். காலில் இரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்களுக்கு இது ஆகாது. அரை மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசையுங்கள். கிழிந்த சதை இழுபடும் அளவுக்கு மேலே மடக்க வேண்டாம். ஒன்றரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். தூக்க மாத்திரை, மது இரண்டும் வேண்டாம். ‘இரத்தம் இளக’ என்று ஆஸ்பிரின் போடாதீர்கள். பயண உறைவைத் தடுக்க அது பரிந்துரைக்கப்படுவதில்லை, கிழிந்த சதையில் கசிவைத்தான் கூட்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். இரண்டு காலணிகளிலும் குதிகாலடியில் ஒரு செ.மீ. உயரத் திண்டு வைத்தால் சதைக்கு இழுப்பு குறையும். ஒன்றில் மட்டும் வைத்தால் இடுப்பு கோணும்.

விமான நிலைய வாசலில் பேரக்குழந்தையைக் கொஞ்சக் குந்தி உட்கார்ந்து, முன்பாதத்தில் எம்பித் தூக்குவது கெண்டைக்காலுக்கு மிக மோசமான அசைவு. நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியையும் முப்பது கிலோவாக ஒன்று கட்டாமல் பதினைந்தாக இரண்டு கட்டச் சொல்லுங்கள்.

திருவனந்தபுரத்தில் இறங்கி நீங்களே கார் ஓட்டாதீர்கள். கிளட்சை மிதிப்பது இடது கால்தான், ஆரியங்காவு வளைவுகளில் அதற்கு ஓய்வே இருக்காது. தென்மலையில் நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள். இறங்கிய பிறகும் நாலு வாரம் வரை காலைக் கவனித்து வாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் வந்தால் உடனே 108.

ஓட்டத்துக்கு நாள் குறிப்பதைவிடக் கால் என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள். முதலில் சுவரைப் பிடித்து இரண்டு காலிலும் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், 15 தடவை வீதம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். வலியின்றி வந்தால் இடது காலில் மட்டும். முட்டியை நீட்டியும் செய்யுங்கள், லேசாக மடக்கியும் செய்யுங்கள். மடக்கும்போது அடியிலுள்ள சோலியஸ் தசை வேலை செய்யும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஒற்றைக் காலில் வலது கால் அளவுக்கு, குறைந்தது இருபது தடவை தூக்கவும், பத்து முறை நொண்டிக் குதிக்கவும், அரை மணி வேகமாக நடக்கவும் முடிந்தால் ஓடலாம். மிதமான கிழிசலுக்கு இது பெரும்பாலும் நாலு முதல் எட்டு வாரத்துக்குள் வரும்.

தொடக்கம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து முறை. செங்கோட்டையிலிருந்து புளியரை வரை வயல்களுக்கு நடுவே போகும் சமதளச் சாலை இதற்குத் தோது. சாரல் நாளில் வழுக்கும் ஓரத்தை விட்டு ஓடுங்கள். முன்பாதத்தைவிடக் குதிகால் 8 முதல் 12 மி.மீ. உயரமாக உள்ள ஷூ நல்லது. தட்டையான ஷூ இப்போதைக்கு வேண்டாம். மறுநாள் காலை சதை இறுகி வலித்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். புளியரைக்கு அப்பால் கோட்டைவாசல் மலைச்சாலை ஏற்றத்தைத் தொடுவது, சமதளத்தில் இடைவிடாமல் நாற்பது நிமிடம் ஓடி இரண்டு வாரம் தொந்தரவில்லாமல் கழிந்த பிறகுதான்.