தோட்ட ஆபீஸ் கேட்கும் "சுற்றுச்சூழல் கடிதம்": கேட்டரிங் கடைக்கு என்ன செய்யலாம்?

வணக்கம் தம்பி. சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தாய் (இப்போது பெஸ்தாரி ஜெயா) கடையிலிருந்து தோட்டத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறீர்கள், கழிவை என்ன செய்கிறீர்கள் என்று எழுதித் தரும்படி தோட்ட ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள், அண்ணன் "வீண் செலவு" என்கிறார். அதுதானே பிரச்சினை?

அவர்கள் சும்மா கேட்கவில்லை. 2020 ஜனவரி முதல் செம்பனைத் தோட்டங்களுக்கு எம்எஸ்பிஓ (சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் செம்பனை எண்ணெய் உற்பத்தி செய்வதற்கான மலேசியத் தரம்) சான்றிதழ் கட்டாயம். ஆடிட்டில் கான்ட்ராக்டர்களைப் பற்றியும் கேள்வி வரும். சின்னக் கடைகளை மாற வைப்பது பெரும்பாலும் இப்படி மேலிருந்து வரும் வாடிக்கையாளர்தான். சட்டமும் ஒரு காரணம்; சிலாங்கூரில் 2017-லேயே பாலிஸ்டைரின் சாப்பாட்டுப் பெட்டிக்குத் தடை வந்துவிட்டது.

ஆனால் என்னை மாற்றியது எண்ணெய். பத்து வருடம் பொரித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றினேன். ஒரு தீபாவளி வாரம் கடைக்குப் பின்னால் லோங்காங் (சாக்கடை) அடைத்து, வெள்ளையாகக் கட்டிக்கட்டியாக மிதந்தது. பக்கத்துத் தையல்கடை அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. இப்போது ஆறவைத்து, வடிகட்டி, எண்ணெய் வந்த தகர டின்னிலேயே ஊற்றி வைக்கிறேன். பயோடீசலுக்கு வாங்குபவர் கிலோ கணக்கில் காசு கொடுத்து எடுத்துப் போகிறார். அண்ணனிடம் அந்தக் காசைக் காட்டுங்கள், பேச்சே மாறும்.

கடிதம் ஒரு பக்கம் போதும்: எண்ணெய் எங்கே போகிறது, சாப்பாடு எதில் கட்டுகிறீர்கள், மிச்சச் சோறு என்ன ஆகிறது. செய்வதை மட்டும் எழுதுங்கள். எண்ணெய் வாங்குபவர் தரும் ரசீதுகளையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுத்தப்படுத்தித் திரும்பச் சமையலுக்கே விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.